சூட்கேசுக்குள் இருந்த பெர்மெசோ

1

இத்தாலியின் பலெர்மோவில் எங்கள் ஆட்கள் விளையாடும் உதைபந்தாட்டத்தில், ஊரில் நீங்கள் கேள்விப்பட்டிராத ஒரு விதி உண்டு. ஆட்டத்தின் நடுவில் வேலைவீட்டு எசமானி, நாங்கள் சிஞ்ஞோரா என்போம், தொலைபேசியில் கூப்பிட்டால் ஆட்டக்காரர் உடனே வெளியேறலாம். அவருடைய இடத்தில் யாரும் இறங்கலாம். போனவர் சிஞ்ஞோராவின் மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டோ, தொலைக்காட்சியின் ரிமோட்டைத் தேடிக் கொடுத்துவிட்டோ திரும்பி வந்தால் மறுபடியும் இறங்கலாம். எத்தனை தரம் என்று கணக்கில்லை. வயோதிபர்களைப் பராமரிப்பதும் வீடு துடைப்பதும்தான் இங்கே எங்கள் பிழைப்பு. வியாழன் பின்னேரமும் ஞாயிறும் எங்களுக்கு ஓய்வு என்று எழுதியிருக்கும். சிஞ்ஞோராக்களுக்கு அது அடிக்கடி மறந்துபோகும்.

எங்கள் வீடு சீசா என்ற பகுதியில். அங்கிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் ஒரு டயர்க்கடை வரும். அதற்குப் பின்னால், செயற்கைப் புல் பாதி உரிந்துபோன மைதானம். யாழ்ப்பாணத்து ஆட்கள் ஓர் அணி, மொரீசியஸ் தமிழர் ஓர் அணி, கலந்து இன்னும் இரண்டு. வருடத்துக்கு ஒரு முறை கிண்ணப் போட்டி. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குகன் ஒலிபெருக்கியில் வர்ணனை சொல்வான். அவன் குரலைக் கேட்கவே பாதிச் சனம் வரும்.

"பந்து இப்ப ரவியின்ர காலிலை... ரவி ஓடுறார்... ஒருத்தரை வெட்டிப்போட்டார்... ரவி நிக்கிறார்... ஏன் நிக்கிறார்? ரவி போனை எடுக்கிறார்! மக்களே, இது சிஞ்ஞோரா அடிச்ச கோல்!"

நான் ஆட்டத் தாள் எழுதுபவன். யார் இறங்கினார், யார் கோல் அடித்தார், யாரை எந்த நிமிடத்தில் சிஞ்ஞோரா கூப்பிட்டார், எல்லாம் குறிப்பேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. நாற்காலி போட்டுத் தந்திருக்கிறார்கள். அதில் நான் இருப்பதில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டோரமாக மேலும் கீழும் நடந்தபடி இருப்பேன். பந்தைப் பார்க்கும் ஆர்வம் என்று சனம் நினைக்கிறது. உண்மையில் நான் பந்தைப் பார்ப்பது குறைவு. மத்தியஸ்தரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மத்தியஸ்தர் என் மகள் நிலானி.

"அப்பா, ஓரிடத்திலை இருங்கோவன்" என்பாள், விசிலை வாயிலிருந்து எடுத்து. "கோட்டைத் தாண்டினால் உங்களுக்கும் மஞ்சள் அட்டைதான்."

சனம் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

2

இதை எழுதக் காரணம் இருக்கிறது. இந்த வருடக் கிண்ணத்தன்று நடந்தது தொலைபேசி வழியாக இதற்குள் உங்களில் சிலருக்கு வந்திருக்கும். பலெர்மோச் செய்தி யாழ்ப்பாணத்துக்குப் போகப் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தச் செய்திக்குள் என் பங்கு சரியாகச் சொல்லப்பட்டிருக்காது. நானே சொல்கிறேன்.

நிலானிக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, பள்ளிக்கூட மைதானத்தில் அவள் விளையாடியதைப் பார்த்த ஒரு பெண் பயிற்சியாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நகரத்துப் பெண்கள் அணியொன்றில் அவளைச் சேர்க்க விரும்பினார். என் மனைவி பத்மா கோப்பி போட்டுக் கொடுத்தாள். பயிற்சியாளர் இரண்டு பக்க விண்ணப்பத்தை மேசையில் வைத்தார். கடைசி வரியில் தகப்பன் கையெழுத்து. கூடவே பிள்ளையின் பெர்மெசோ, அதாவது இந்த நாட்டில் வசிக்கும் அனுமதிப் பத்திரத்தின் பிரதி. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும். மருத்துவச் சான்றிதழை நிலானி தானே வரிசையில் நின்று எடுத்துவந்திருந்தாள்.

அப்போது நான் பலெர்மோத் தமிழர்களின் விண்ணப்பக்காரன். பகலில் ஒரு வழக்கறிஞர் வீட்டைத் துடைத்தேன். மாலையில் என் சமையலறை மேசையில் எல்லோருடைய படிவங்களையும் நிரப்பினேன். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்கச் செயலகத்தில், ஒன்பது வருடம் லிகிதராக இருந்தவன். மொழி மாறினாலும் படிவம் படிவம்தான்.

வியாழக்கிழமை நான் நிலானியிடம் சொன்னேன்: "பெர்மெசோ புதுப்பிக்கக் குடுத்தது இன்னும் வரேல்லை. அது இல்லாமல் பதியேலாதாம்."

அது வந்திருந்தது. இரண்டு கிழமைக்கு முன்பே குவெஸ்தூராவுக்கு, வெளிநாட்டவர் பத்திரங்களைக் கொடுக்கும் பொலிஸ் அலுவலகத்துக்குப் போய், கையெழுத்திட்டு நான் வாங்கிவந்திருந்தேன். பொய் சொன்ன அன்று அது கட்டிலுக்குக் கீழே சூட்கேசுக்குள், என் பட்டு வேட்டியின் மடிப்பில் இருந்தது.

ஏன் செய்தேன்? பெரிய காரணம் எதுவும் இல்லை. அரைக்காற்சட்டை போட்டுக்கொண்டு சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வேற்றூர்களுக்குப் போவாள். எங்கள் ஆட்கள் கேட்பார்கள். நான் பதில் சொல்லவேண்டிவரும். அவ்வளவுதான். நேராக "வேண்டாம்" என்றிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் என்னோடு சண்டை பிடித்திருப்பாள், அநேகமாக வென்றிருப்பாள். அந்தச் சண்டை என்னோடு வேண்டாம், அரசாங்கத்தோடு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இது கச்சேரியில் கற்ற வித்தை. காணி உறுதிக்கோ பென்சனுக்கோ வந்து நிற்பவரிடம் "மாட்டேன்" என்று எந்த லிகிதரும் சொல்வதில்லை. "மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை" என்போம். சனம் மேலிடத்தைத் திட்டிக்கொண்டு போகும். நாங்கள் தேநீருக்குப் போவோம். சங்கானையிலிருந்து ஒரு விதவைப் பெண் வெள்ளைச் சேலையோடு பதினொரு தரம் வந்து போனார். அவருடைய விண்ணப்பக் கோவை என் மேசை லாச்சிக்குள் இருந்தது. அதை நான் மறக்கவில்லை. ஆனால் அதிலிருந்து எதையும் படித்துக்கொள்ளவும் இல்லை.

"நான் போய்க் கேக்கிறன்" என்று நிலானி குதித்தாள். சின்னப் பிள்ளைகளைத் தனியே உள்ளே விடமாட்டார்கள், நான் போகிறேன் என்றேன். இரண்டு நாள் விடிய வீட்டிலிருந்து வெளிக்கிட்டு, ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ஒரு வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருந்து, ரயில்கள் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து "இல்லை" என்றேன். ஒரு மாதம் கழித்துப் பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அதிலிருந்த திகதியைப் பார்த்தாள்.

"அப்பா, இது செப்டெம்பர் எண்டு கிடக்கு."

"திகதியை முன்னமே அடிச்சுப்போடுவினம். குடுக்கிறதுதான் பிந்தும்."

நம்பினாள். பலெர்மோவில் பெர்மெசோ பற்றி என்னைவிடத் தெரிந்தவர் யார்?

3

அதன் பிறகு அவள் பந்தைத் தொடவில்லை. தமிழும் குறைந்தது. என்னோடு கதைக்கும்போது பாதி இத்தாலியன், அதிலும் இந்த ஊர்ச் சந்தைக்காரர் இழுக்கும் இழுவை. ஆனால் கோபம் குறையவில்லை. அந்தக் கோபத்தோடே படித்தாள். வெளிநாட்டவருக்கான சட்டங்களைப் பக்கம் பக்கமாகப் பாடமாக்கினாள். இன்றைக்குக் கபோச் சந்தைக்குப் பின்னால், ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில், வந்தேறியவர்களுக்கு உதவும் மேசை ஒன்றில் வேலை செய்கிறாள். அலுவலகங்களில் அவள் பெயரைச் சொன்னால் எழுந்து நின்று கதைக்கிறார்கள். இருபத்தாறாவது வயதில் மத்தியஸ்தர் பயிற்சியும் எடுத்தாள். விளையாட வயது போய்விட்டது, ஓட வயது இருக்கிறது என்றாள்.

"உங்கட மகள் இல்லாட்டி எங்கட பெடியனுக்குப் பேப்பர் வந்திராது, அண்ணை" என்று குகன்கூடச் சொல்லியிருக்கிறான். அப்படி யாராவது சொன்னால் நான் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவேன்.

ஒவ்வொரு வருடமும் கிண்ணம் கொடுக்கும்போது குகன் அவளிடம் ஒலிவாங்கியை நீட்டுவான். அவள் முன்னால் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்து, முதலில் இத்தாலியனிலும் பிறகு தமிழிலும், ஒரே கதையைச் சொல்வாள்: "எனக்குப் பதினாறு வயசிலை ஒரு அணி கேட்டது. பெர்மெசோ வரேல்லை. ஒரு துண்டுக் கடதாசி. உங்களுக்கு இது நடக்க நான் விடமாட்டன்." கைதட்டுவார்கள். பத்மா குனிந்து கைப்பையில் எதையாவது தேடுவாள். அவளுக்குத் தெரியும். சூட்கேசில் வேட்டி எடுக்கப் போனபோது கண்டுவிட்டாள். "நீங்களே சொல்லுங்கோ" என்று அன்று சொன்னாள். பிறகு அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. அந்த வாய் திறக்காததுதான் இத்தனை வருடமும் எங்கள் இருவருக்கும் நடுவில் மூன்றாவது ஆள்.

4

இந்த வருடக் கிண்ணத்தன்று பெரியவர்களின் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் பிள்ளைகளின் ஆட்டம். மொரீசியஸ் தமிழரான அருணாசலத்தின் மகள் தேவினா மூன்று கோல் அடித்தாள். பதினான்கு வயது. பந்தை அவள் காலில் கண்டதும் குகனே வர்ணனையை மறந்து "ஐயோ, ஐயோ" என்று மட்டும் கத்திக்கொண்டிருந்தான்.

அருணாசலத்தின் குடும்பப் பெயரைப் பிரெஞ்சுக்காரர் எழுதியதில் அது அர்னாசெல்லோம் ஆகிவிட்டது. அவருக்குத் தமிழில் வணக்கம் தெரியும், காவடி தெரியும், தேவாரத்தில் நான்கு வரி தெரியும். அவரோடு நாங்கள் இத்தாலியனில்தான் பேசுவோம். என்னைப் புரொபெஸ்ஸோரே என்பார். படித்தவன் என்ற மரியாதை.

ஆட்டம் முடிந்ததும் நிலானி அவரிடம் ஓடினாள். நான் மூன்றடி தள்ளி நின்றேன்.

"தேவினாவை அந்தப் பெண்கள் அணி கேட்டதாமே? கொடுத்துவிட்டீர்களா விண்ணப்பத்தை?"

அவர் சப்பாத்தைப் பார்த்தார். "பெர்மெசோ வரவில்லை, தொத்தொரேஸ்ஸா. புதுப்பிக்கக் கொடுத்தது." படித்த பெண்களை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

நிலானியின் முகம் எனக்குத் தெரிந்த முகமாக மாறிற்று, பதினாறு வயது முகமாக. "எப்போது கொடுத்தீர்கள்? இலக்கம் இருக்கிறதா? செவ்வாய்க்கிழமை காலை உங்களோடு நானே குவெஸ்தூராவுக்கு வருகிறேன். கத்தப்போகிறேன். இன்னொரு பிள்ளைக்கு இது நடக்காது."

அவள் பெரியவர்களின் ஆட்டத்தைத் தொடங்கப் போய்விட்டாள். தேவினா தண்ணீர்ப் போத்தலைத் திறக்காமலே பிடித்துக்கொண்டு நின்றாள்.

தேவினாவின் பெர்மெசோ வந்திருந்தது. மூன்று கிழமைக்கு முன்னர் அருணாசலம் அதை என் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தார். பெயரின் எழுத்துகள் சரியா என்று பார்க்கச் சொன்னார். கண்ணாடியைப் போட்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துச் சரி என்று சொன்னவன் நான்.

5

ஆட்டம் தொடங்கியது. நான் தாளில் பெயர்களை எழுதிவிட்டு அருணாசலத்திடம் போனேன். வேலியில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"சிஞ்ஞோர் அருணாசலம், அந்தப் பெர்மெசோவை நான் பார்த்தேனே."

அவர் மறுக்கவில்லை. "பார்த்தீர்கள், புரொபெஸ்ஸோரே. நீங்களும் பெண்பிள்ளை பெற்றவர். உங்களுக்கு விளங்கும். சனிக்கிழமை, சனிக்கிழமை பஸ்ஸில் போகவேண்டும். என் மனைவியின் சகோதரர்கள் இப்போதே கேட்கிறார்கள்."

"வேண்டாம் என்று அவளிடம் நேரே சொல்லலாமே."

"சொன்னால் என்னை வெறுப்பாள்." குரலைத் தணித்தார். "போன வருடம் உங்கள் மகள் இங்கே மைக்கில் சொன்னாள் அல்லவா? பெர்மெசோ வரவில்லை என்று. அப்போது யோசித்தேன். அவள் அலுவலகத்தைத்தான் திட்டினாள். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்களோடு எவ்வளவு பட்சமாக இருக்கிறாள். இதுதான் நல்ல வழி என்று பட்டது. யாருக்கும் நோகாது."

என் பொய்தான். என் மகளின் வாயால் போய், இன்னொரு தகப்பனிடம் கைமாறி, புதிதாக வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

ஒலிபெருக்கியில் குகன் கத்திக்கொண்டிருந்தான்: "ஆட்டத் தாள் எங்கை? அண்ணை, கோல் விழுந்திட்டுது, எழுதுங்கோ! அண்ணையை யாரோ சிஞ்ஞோரா கூப்பிட்டுட்டா!"

சனம் சிரித்தது. நான் எழுதினேன். யார் அடித்தது என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை நிலானி அந்த அலுவலகத்தில் போய்க் கத்துவாள். பத்திரம் கொடுத்தாயிற்று என்று காட்டுவார்கள். அருணாசலம் அவமானப்படுவார், விண்ணப்பம் கிழிபடும், பிள்ளைக்கு இந்த வருடம் போகும். இப்போதே சொல்லிவிட்டால் பிள்ளை தப்பும். ஆனால் "பெர்மெசோ வந்துவிட்டது, தகப்பன் ஒளித்து வைத்திருக்கிறார்" என்று மட்டும் நிலானியிடம் சொல்ல என்னால் முடியாது. "எந்தத் தகப்பன் அப்படிச் செய்வான்?" என்று கேட்பாள். அதற்குப் பிறகும் நான் வாய்மூடி நின்றால் நான் மனிதன் இல்லை.

6

இடைவேளை பத்து நிமிடம். அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நிலானி, தேவினாவின்ர பெர்மெசோ வந்திட்டுது. நான் கண்ணாலை பாத்தனான்."

"என்ன? அப்ப ஏன் அவர்..."

"உன்ரயும் வந்திருந்தது."

அவள் போத்தலை மூடினாள். விளங்கவில்லை என்ற முகம். நான் திரும்பச் சொன்னேன். பதினாறு வயதில், அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னரே, என்று சொன்னேன்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. தன் மேசைக்கு வருபவர்களிடம் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எப்ப வந்தது?"

"ரெண்டு கிழமைக்கு முதல்."

"எங்கை வைச்சிருந்தனீங்கள்?"

"சூட்கேசுக்குள்ளை. வேட்டிக்குள்ளை."

"ரெண்டு நாள் விடிய எழும்பிப் போனீங்களே?"

"ஸ்தாசியோனேயிலை இருந்தனான்."

"நான் அண்டைக்கு உங்களுக்குப் பாண் கட்டித் தந்தனான்" என்றாள். "வரிசையிலை பசிக்கும் எண்டு."

ஓம், கட்டித் தந்தாள். முட்டைப் பொரியல் வைத்த பாண். வாங்கில் இருந்து சாப்பிட்டேன்.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

இதற்கு நான் பொய் சொல்லியிருக்கலாம். பத்மாவையாவது மிச்சம் வைத்திருக்கலாம். "ஓம்" என்றேன்.

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். "பாஸ்தா, போதும் அப்பா. நேரமாச்சு" என்று மைதானத்துக்குள் போனாள்.

இரண்டாம் பாதி முழுவதும் அவளைப் பார்த்தேன். பந்து போகுமிடமெல்லாம் ஓடினாள். ஒரே ஒரு தரம் பந்து வெளியே போனபோது கையை மாற்றிக் காட்டினாள். மொரீசியஸ் அணியினர் கத்த, குகன் "ரெபரிக்குச் சிஞ்ஞோரா இல்லை, வேறை என்ன யோசினை?" என்றான். அவள் திருத்திக் காட்டினாள். எங்கள் அணி இரண்டுக்கு ஒன்றாக வென்றது. தாளில் இருக்கிறது.

7

குகன் வழக்கம்போல ஒலிவாங்கியை நீட்டினான். "இப்ப எங்கட நிலானி, பிள்ளையளுக்கு ரெண்டு வார்த்தை."

பிள்ளைகள் புல்லில் வரிசையாக இருந்தார்கள். அருணாசலம் கடைசியில் நின்றார். பத்மா கைப்பையைத் திறந்திருந்தாள்.

நிலானி முதலில் இத்தாலியனில் சொன்னாள், பிறகு தமிழில்.

"ஒவ்வொரு வருசமும் நான் ஒரு கதை சொல்லுறனான். அது பிழை. எனக்குப் பதினாறு வயசிலை பெர்மெசோ வந்திட்டுது. நேரத்துக்கு வந்தது. அப்பா கையெழுத்து வைக்கேல்லை."

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒலிவாங்கியைக் குகனிடம் கொடுத்தாள். அவன் அன்று ஒரு பகிடியும் விடவில்லை. முப்பத்தைந்து வருடமாக என் மேசைக்கு வந்து, நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்திட்டவர்களின் முகங்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின. போய்விடலாம் போலிருந்தது. ஆனால் ஆட்டத் தாளில் இரண்டு அணித் தலைவர்களும் ஒப்பமிட வேண்டும். அது முடிய நான் நிற்கவேண்டும். நின்றேன். இருவரும் என் முகத்தைப் பார்க்காமல் ஒப்பமிட்டார்கள்.

பத்மா கைப்பையை மூடினாள். "இப்ப வீட்டை போவம்" என்றாள். பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் இருந்தாள்.

8

ஒன்பது நாள் நிலானி எனக்கு அழைக்கவில்லை. தாயின் அழைப்பையும் எடுக்கவில்லை. என் சமையலறை மேசைக்கும் ஒருவரும் வரவில்லை. நான் அறைக்கும் பல்கனிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கீழ்வீட்டு இத்தாலியக் கிழவர் சத்தம் கேட்கிறது என்று முறைப்பட்டார்.

பத்தாம் நாள் மணி அடித்தது. அருணாசலம். கையில் இரண்டு பக்க விண்ணப்பம். அதை மேசையில் வைத்தார். பக்கத்தில் தேவினாவின் பெர்மெசோவையும் வைத்தார். நான் நிரப்பினேன். கடைசி வரியில் விரல் வைக்கவில்லை. அவரே கண்டுபிடித்து, எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினார்.

"இன்றைக்குத்தான் கடைசி நாள். உங்கள் மகளிடம் கொண்டுபோகிறேன், அனுப்பிவிடுவதாகச் சொன்னாள்" என்றார். "நீங்களும் வருகிறீர்களா?"

"நீங்கள் போங்கள்."

"யார் நிரப்பியது என்று கேட்பாளே."

"சொல்லுங்கள்."

அவர் போய் அரை மணித்தியாலத்தில் என் தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. நிலானி தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவாள். உரக்க வாசித்தேன், அடுப்படியில் நின்ற பத்மாவுக்கும் கேட்கட்டும் என்று.

"திகதி போட மறந்திட்டியள். மேசை ஆறு மணி வரைக்கும் திறந்திருக்கும்."

திகதியை அவளே எழுதியிருக்கலாம். அருணாசலம் எழுதியிருக்கலாம். அந்த மேசையில் பேனைகள் இல்லாமல் இல்லை.

மணி ஐந்தரை. பஸ்ஸுக்குக் காத்து நிற்க என்னால் முடியாது. சட்டையை மாட்டி, என் பேனையை எடுத்துக்கொண்டு, கபோவுக்கு நடக்கத் தொடங்கினேன்.